முதனையும் அத்தியூரும்: ‘ஜெய்பீம்’ விமர்சனங்கள் பார்க்கத் தவறிய மாவட்டம்

2021 நவம்பர் 2ஆம் நாள் அமேசான் பிரைமில் ‘ஜெய்பீம்’ வெளியானது. சில நாள்களில் ஐஎம்டிபி தளத்தில் அதன் மதிப்பெண் 9.6 ஆக ஏறி, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தையும் தாண்டியது. அதே நாள்களில், படத்தில் வரும் உதவி ஆய்வாளர் குருமூர்த்தியின் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் பெரும் சர்ச்சையானது. அதிலிருந்த அக்கினிக் குண்டம் வன்னியர்களைக் குறிக்கிறது என்று பாட்டாளி மக்கள் கட்சியும் வன்னியர் சங்கமும் எதிர்த்தன, காலண்டர் படம் மாற்றப்பட்டது, இயக்குநர் த.செ. ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். ஒரு தரப்பு மதிப்பெண் போட்டது, மறுதரப்பு சுவரைப் பார்த்தது. படம் எந்த மண்ணிலிருந்து எதை எடுத்தது, எதை விட்டது என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் நடுவில் கேட்கப்படாமலே போயிற்று. அந்தக் கேள்வியை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நின்று கேட்டால் படத்தின் பலமும் பலவீனமும் வேறு இடங்களில் தென்படுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில், படத்துக்கு அடிப்படையான வழக்கு. 1993 மார்ச்சில் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு திருட்டுக் குற்றச்சாட்டின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல்துறை சொன்னது. அவருடைய உடல் அன்றைய திருச்சி மாவட்டத்து ஜெயங்கொண்டம் பகுதியில் கிடந்தது. மனைவி பார்வதிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு வழக்கு முடிவதற்கு 13 ஆண்டுகள் பிடித்தன. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் அவர் இருளர்.

இந்த மாற்றத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொன்னார்கள்: கலைஞனுக்கு உரிமை உண்டு, அல்லது வரலாறு திரிக்கப்பட்டது. இரண்டுமே அவசரமான பதில்கள். 1993 ஜூலையில், அதாவது முதனை நிகழ்வுக்கு நான்கே மாதங்களுக்குப் பின், விழுப்புரம் பக்கத்து அத்தியூரில் இன்னொரு கொடுமை நடந்தது. திருட்டு வழக்கில் ஒருவரைத் தேடி வந்த புதுச்சேரிக் காவலர்கள் இருளர் இளம்பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள் என்பது வழக்கு. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அத்தியூர் வழக்கைக் கையிலெடுத்துப் போராடியவர் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கல்யாணி, அதாவது பிரபா கல்விமணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990களின் நடுப்பகுதியில் உருவானதற்கு அந்தப் போராட்டமே வேர்.

தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிக்கப்பட்டது 1993 செப்டம்பர் 30இல். முதனையும் அத்தியூரும் நடந்தபோது இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர். ஆகவே ‘ஜெய்பீம்’ தொலைவிலிருந்த இரண்டு கதைகளைச் செயற்கையாக ஒட்டவில்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே ஆண்டில், ஒரே முறையில் நடந்த இரண்டு கொடுமைகளின் நினைவை ஒரு குடிசைக்குள் கொண்டுவந்தது. நாயகிக்குப் பார்வதி என்ற பெயரை வைக்காமல், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் இருளர் வீடுகளில் புழங்கும் செங்கேணி என்ற பெயரை வைத்தது இதற்கு நல்ல சான்று. வெளியீட்டுக்கு முந்தைய நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முன்னிலையில், சந்துருவாக நடித்த சூர்யா பழங்குடி இருளர் அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் அளித்ததும், படத்தின் மனம் எந்த ஊர்ப்பக்கம் இருந்தது என்பதைச் சொல்கிறது.

ஆனால் இந்த இணைப்புக்கு ஒரு விலை உண்டு. முதனை வழக்கு வெற்றியில் முடிந்தது. அத்தியூர் வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. படம் அத்தியூரின் சமூகத்தை எடுத்து முதனையின் தீர்ப்போடு சேர்த்துவிட்டது. இருளர்கள் நீதிமன்றத்தில் வென்றார்கள் என்ற நிறைவோடு பார்வையாளர் எழுந்து போகிறார். இருளர்களின் பெயரால் நடந்த மிக முக்கியமான வழக்கு எப்படி முடிந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. 2011 நவம்பரில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருக்கோவிலூர் அருகே தி. மண்டபம் கிராமத்தில், மறுபடியும் திருட்டு வழக்கின் பெயரால், நான்கு இருளர் பெண்கள் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்து மாநிலமே அதிர்ந்தது. படம் 1995இல் கதையை நிறுத்திக்கொள்வதால் ‘அந்தக் காலத்தில் இப்படி நடந்தது’ என்ற ஆறுதல் பார்ப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. தி. மண்டபத்துக்குப் பிறகு அந்த ஆறுதலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

விலையின் மறுபாதியைக் கொடுத்தவர்கள் குறவர்கள். தமிழ் சினிமாவும் மேடையும் அவர்களை ஆட்டத்துக்கும் சிரிப்புக்கும் மட்டுமே அழைத்தன. கொச்சையாகிப்போன ‘குறவன் குறத்தி’ ஆட்டத்துக்கு அரசு தடை விதிக்க 2023 வரை ஆயிற்று. அப்படிப்பட்ட சமூகத்தின் ஒரு பெண் காவல்துறையை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை சென்று வென்ற வரலாறு பெரிய திரையில் வந்தபோது, சமூகத்தின் பெயர் அதில் இல்லை. இதைத் ‘தொழில்நுட்பக் குறை’ என்று ஒதுக்கும் விமர்சனம் நேர்மையானது ஆகாது. இருளர் வாழ்வைச் சொல்ல வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். அதற்குக் குறவரின் வெற்றியை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தால், படத்தின் முடிவில் வரும் எழுத்துகளில் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

காலண்டர் சர்ச்சையையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். படம் ராஜாக்கண்ணு, சந்துரு, காவல்துறை அதிகாரி பெருமாள்சாமி ஆகிய பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டது. உதவி ஆய்வாளரின் பெயரை மட்டும் மாற்றியது. உண்மை வழக்கின் உதவி ஆய்வாளர் வேறு சமயத்தவர். அப்படி மாற்றிய பாத்திரத்தின் வீட்டில் ஒரு சாதியின் அடையாளம் தொங்குவது கவனக்குறைவானாலும் வேண்டுமென்றே ஆனாலும், அந்தக் கேள்வியை எழுப்ப அந்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு. அதற்காக 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும், சூர்யாவுக்கு மிரட்டல் விடுத்ததும் விமர்சனத்தில் சேராது. கொலையானவரின் சாதி மாறியதைவிடக் கொன்றவரின் வீட்டுக் காலண்டர் பெரிய செய்தியாகிவிட்டதுதான் வருத்தம். இந்த நடுநாட்டு வட்டாரத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன், வட்டார வழக்கைத் திருத்திக் கொடுத்ததற்காகத் தாம் பெற்ற 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். ‘எலிவேட்டை’ என்ற தலைப்பிலேயே எழுத்துப்படி தம்மிடம் வந்தது என்றும் சொன்னார். அவருடைய கோபத்தோடு உடன்படாதவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நடுநாட்டுப் பேச்சு ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தில் இடம்பெற்ற அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்தப் பேச்சு எப்படி அமைந்திருந்தது என்று ஒரு விமர்சகராவது விரிவாக எழுதியிருக்கலாம்.

இந்தப் பக்கத்து மண் தமிழ்த் திரையில் வந்ததே குறைவு. கிராமம் என்றாலே தேனி, மதுரை என்று ஆகிவிட்டது; ‘பருத்திவீரன்’ (2007), ‘சுப்பிரமணியபுரம்’ (2008) படங்களுக்குப் பிறகு அந்தச் சாய்வு இன்னும் கூடியது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டைத் தங்கர்பச்சான் கொண்டுவந்தார். விழுப்புரமோ பெரும்பாலும் ரயில் மாறும் இடமாகவும், திண்டிவனம் சென்னை நெடுஞ்சாலையில் டீ குடிக்க நிற்கும் இடமாகவும் கடந்துபோயின. சிவாஜி கணேசனின் முழுப்பெயரான விழுப்புரம் சின்னையா கணேசன் என்பதன் முதலெழுத்தில் ஊர் இருக்கிறது. அவர் நடித்த படங்களில் ஊர் இல்லை.

அந்தக் கணேசன் நடித்த ஒரு படம் இங்கே உதவிக்கு வருகிறது. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ 1954இல் வந்தது. பாட்டு கிடையாது, நாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான், போகப்போக அவன் தேசத்துரோகி என்று தெரிகிறது. அன்றைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்று தமிழின் முதன்மையான படங்களில் ஒன்றாக அதை வைத்துப் பேசுகிறோம். ‘அன்பே சிவம்’ (2003), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010), ‘ஆரண்ய காண்டம்’ ஆகியவையும் இப்படித் தாமதமாக வென்று ‘கல்ட்’ என்ற பட்டத்தைப் பெற்றவையே. இந்தப் படங்களைக் காலம் மீட்டதற்குக் காரணம் அவற்றின் வடிவம். திரும்பத் திரும்பப் பார்த்த ரசிகர்கள் திரைக்கதையில், ஒளிப்பதிவில், வசனத்தில் புதியவற்றைக் கண்டார்கள். ‘ஜெய்பீம்’ இதற்கு நேர்மாறாக, வந்த வாரத்திலேயே உச்சத்துக்குப் போனது. அதைக் காலம் எப்படி நிறுக்கும் என்று கேட்டால், 9.6 என்ற எண்ணோ காலண்டரோ எடைக்கு வராது. ஆவணங்களைப் பற்றி அந்தப் படம் என்ன சொன்னது என்பதே நிற்கும்.

படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். சிறை வாசலில், வெளியே வருபவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. செல்வாக்குள்ள சாதியினர் வீட்டுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் ஓரமாக நிறுத்தப்படுகிறார்கள். துப்புக் கிடைக்காத வழக்குகளுக்கு ஆள் தேடி வந்த காவல் நிலையத்தார் அவர்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதில் அடி இல்லை, ரத்தம் இல்லை. அண்மைத் தமிழ் சினிமாவில் காவல்துறையைப் பற்றி எடுக்கப்பட்ட காட்சிகளில் இதுவே மிகக் கூர்மையானது. பின்னால் வரும் சித்திரவதைக் காட்சிகள் நீளமானவை. ஒரு கட்டத்துக்கு மேல் அவை பார்ப்பவரை மரத்துப்போகச் செய்கின்றன. வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பேரம் இருந்தது, ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்ற கணக்கு அடிபடுபவர்களின் முகத்தில் ஓடியது. ‘ஜெய்பீம்’ அந்தக் கணக்கை வாசல் காட்சியிலேயே முடித்துவிட்டதால், உள்ளே நடக்கும் அடி புதிதாக எதையும் சொல்வதில்லை.

அதைவிட முக்கியமானது சான்றிதழ். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று இருளர்கள் அலுவலக வாசலில் நிற்கும் காட்சிகளைச் சென்னை விமர்சனங்கள் பெரும்பாலும் கதைக்கு முன்னுரையாகக் கருதித் தாண்டிச் சென்றன. திண்டிவனத்தில் அதுதான் கதை. தமிழ்நாட்டில் பிற சமூகத்தினருக்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கொடுத்துவிடுவார்கள். பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். பெற்றோரின் சான்றிதழ், நிலப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று கேட்கிறார்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நாலைந்து குடும்பமாக வாழ்ந்து, செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களிடம் இவற்றில் எது இருக்கும்? தமிழ்நாட்டில் தொன்மைப் பழங்குடிகள் என்று அரசே வகைப்படுத்திய ஆறு இனங்களில் இருளரும் அடங்குவர். ஆனாலும் தாம் இருளர் என்பதை ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சான்றிதழ் கிடைக்காததால் படிப்பு நிற்கிறது. படிப்பு நின்றவன் சூளைக்குப் போகிறான். முகவரி இல்லாதவனை எந்த வழக்கிலும் சேர்க்கலாம். காவல் நிலையத்துக்கு முன்பே வருவாய்த்துறை அலுவலகத்தில் குற்றம் தொடங்கிவிடுகிறது என்பதைக் காட்டிய முதல் பெரிய வணிகப் படம் ‘ஜெய்பீம்’ என்று துணிந்து சொல்லலாம்.

இத்தனையும் செய்த படம் அமைப்பை மறந்தது. முதனை வழக்கில் உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சியினர் ஆண்டுக்கணக்கில் பார்வதியோடு நின்றார்கள், சாட்சிகளைக் காத்தார்கள். திண்டிவனத்தில் சங்கம் மனு எழுதியது, ஆர்ப்பாட்டம் நடத்தியது. படத்தில் செங்கொடிகள் வருகின்றன, அறிவொளி ஆசிரியை மைத்ரா வருகிறார். ஆனால் கதையின் எடை முழுவதும் சந்துருவின் அறிவுக்கூர்மைமீது இறங்குகிறது. நாட்டின் பெயரையே சொல்லாமல் கிரேக்க அரசியல்வாதி லாம்ப்ராகிஸின் கொலையைச் சொன்ன கோஸ்தா காவ்ராஸின் ‘இசட்’ (1969), நேர்மையான நீதிபதியை மட்டும் நம்பவில்லை. நிருபர், சாட்சிகள், கூட்டத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் பங்கு கொடுத்தது. நட்சத்திர நடிகர் இருக்கும் தமிழ்ப் படத்தில் அப்படிப் பங்கிடுவது கடினம் என்பது உண்மை. கடினமானதைச் செய்யச் சொல்லிக் கேட்பதே விமர்சகரின் வேலை.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) கொடியன்குளம் கிராமத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவூட்டியபோது, 1995இல் நடந்ததை 1997 என்று காட்டியதற்காகக் கேள்வி எழுந்து, ‘1990களின் பிற்பகுதி’ என்று மாற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகள் தள்ளினால் எந்த ஆட்சியின் மீது பழி விழும் என்ற கணக்கில் அன்று கட்சிகள் காட்டிய கவனத்தில் பாதியை ‘ஜெய்பீம்’ விடயத்தில் விமர்சகர்கள் காட்டியிருந்தால், குறவர் என்ற சொல் படத்தின் முடிவிலாவது வந்திருக்கும்.

‘ஜெய்பீம்’ முக்கியமான படம். அதன் முதல் அரைமணி நேரம் மிக நல்ல படம். அதைப் பற்றி இனி எழுதுகிறவர்கள், குறிப்பாக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரிகளில் திரைப்படத்தை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுத உட்கார வேண்டாம். முதனை வழக்கின் தீர்ப்பையும் அத்தியூர் வழக்கின் இரண்டு தீர்ப்புகளையும் எடுத்துப் படியுங்கள். திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனுநாளில் போய் நின்று, வரிசையில் இருப்பவர்களிடம் எத்தனை முறை வந்தீர்கள் என்று கேளுங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.