கூட்டு வரைபடமாக்கம்: கடலூர், சிதம்பரம் வட்டாரம்

கூட்டு வரைபடமாக்கம் என்பது பலர் ஒரே புவியியல் தரவுத்தளத்தில் தகவல் சேர்த்தும் திருத்தியும் வரைபடம் உருவாக்கும் முறை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், 2015 வெள்ளம் எனத் தொடர்ந்து அடிபட்ட கடலூர் மாவட்டத்துக்கு இது மிகவும் தேவையானது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது அங்கே குடியிருப்பவருக்கே தெரியும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். கணக்கு வைத்துள்ள எவரும் இதைத் திருத்தலாம். 2015 டிசம்பரில் சென்னையில் நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்த இணைய வரைபடம் இதன் தரவைக் கொண்டே அமைந்தது.

இரண்டாவது வழி, சொந்த சர்வர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியை நிறுவியபின், ஒவ்வொருவரும் தம் கணினியிலுள்ள கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள் வழியாக அதனுடன் இணைவார்கள். பார்க்க மட்டும் சிலருக்கு, திருத்தச் சிலருக்கு என உரிமையைப் பிரித்துத் தரலாம். இவ்வட்டாரத்தில் தூரமும் பரப்பும் மீட்டரில் கணக்கிட யூடிஎம் ஆயத்தொலைவு முறையின் 44 வடக்கு மண்டலம் பொருந்தும். இணையம் கிடைக்காத இடங்களில் கியூஃபீல்டு செயலியில் பதிந்து, திரும்பியபின் சர்வருடன் ஒத்திசைக்கலாம்.

முரண்பாடு

சிதம்பரம் மேலவீதியை இருவர் ஒரே நேரத்தில் திருத்துவதாகக் கொள்வோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பு எண் உண்டு. பழைய எண்ணுடன் வரும் திருத்தத்தைச் சர்வர் ஏற்காமல் திருப்பி அனுப்பும். சொந்தத் தரவுத்தளத்தில் தனி ஏற்பாடு செய்யாவிட்டால், கடைசியாகச் சேமித்தவரின் கோடே நிற்கும். முந்தையவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துவிடும். எனவே யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைத் தானாகப் பதியும் வரலாற்று அட்டவணையை முதல் நாளே அமைக்க வேண்டும். ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

பெயரும் களமும்

பரங்கிப்பேட்டையைப் போர்ட்டோ நோவோ என்றும் எழுதுவர். ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் இட்டால் ஒரே ஊர் இரண்டாகிவிடும். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பழைய பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் வைப்பதே தீர்வு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில், மரக்கிளைகள் மூடிய குறுகிய கால்வாய்கள் செயற்கைக்கோள் படத்தில் தெரிவதில்லை. படகோட்டிகளைக் கேட்டு, நேரில் போய்ப் பார்த்த பிறகே அவற்றை வரைய வேண்டும்.

சட்டமும் பராமரிப்பும்

2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தரவு திரட்ட வழிவிட்டன; ஆனால் குறிக்கக் கூடாத சிலவும் துல்லியம் சார்ந்த வரம்புகளும் உண்டு. சர்வரை நிறுவும் வேலை சில நாட்களில் முடிந்துவிடும்; பராமரிப்புதான் தொடர வேண்டியது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாலங்களையும் தாழ்வான சாலைகளையும் புயல் பாதுகாப்பு மையங்களையும் சரிபார்க்கும் குழு இருந்தால்தான், மழை நாளில் அந்த வரைபடத்தை நம்பி ஆட்களை அனுப்ப முடியும்.