40 வயதை தாண்டியவரா? கம்ப்யூட்டர் முன் கழுத்து வலிக்க உங்க கண்ணாடியும் காரணமா இருக்கலாம்!

அதே ஆபீஸ், அதே நாற்காலி. இத்தனை வருஷமா வராத கழுத்து வலி இப்போ மட்டும் ஏன்?

வயது கூடக்கூட முதுகெலும்பு டிஸ்க்கில் நீர்ச்சத்து குறையும், தசைகள் இறுகும். இது பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் கவனிக்காதது, கண்.

40 வயதையொட்டி கண்ணில் உள்ள லென்ஸின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகும். இதுதான் வெள்ளெழுத்து. கண்ணாடி போடாதவர்கள் திரையைப் பார்க்க உடம்பை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். பைஃபோக்கல், புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு வேறு சிக்கல். படிப்பதற்கான பவர் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கும். குனிந்து பேப்பர் படிக்க அது சரி. மானிட்டர் நேராக நிற்கிறதே! அதனால் நம்மை அறியாமலே தாடையைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் மடக்கி உட்காருகிறோம். மணிக்கணக்கில் இப்படி இருந்தால் வலிக்காம என்ன செய்யும்?

'மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கணும்' என்ற வழக்கமான அறிவுரை இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. இன்னும் கொஞ்சம் இறக்கி, திரையின் மேல்பகுதியை லேசாகப் பின்னால் சாய்த்து வையுங்கள். உயரத்துக்காக அடியில் புத்தகம் அடுக்கியிருந்தால் முதல்ல அதை எடுங்க. கம்ப்யூட்டருக்கென்றே தனி கண்ணாடியும் உண்டு. டெஸ்ட்டுக்குப் போகும்போது கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை செ.மீ. என்று அளந்துகொண்டு போங்க, அதை வைத்துத்தான் பவர் தருவார்கள்.

கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ கண்ணாடிக் கடைக்கு அல்ல, டாக்டரிடம் போகணும்.