மூச்சு படாத கண்ணாடி

கண்ணாடி ஊதும் கலையின் வரலாறு பெரிய கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், மத்தியதரைக் கடலின் கீழைக் கரையில், குழலின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டி ஊதக் கற்றான் மனிதன். அதன்பின் கண்ணாடிக் குடுவை எளியோர் இல்லத்திற்கும் வந்தது. ஆயின் அக்கலையைச் செம்மைப்படுத்தியவை கருவிகளில் நேர்ந்த சின்னஞ்சிறு மாற்றங்களே. பண்ணைக்காட்டின் காப்பித் தோட்டங்களைத் தாண்டி மலையேறினால் வரும் கொடைக்கானலில் ஒரு காலத்தில் செய்யப்பட்ட காய்ச்சல்மானி அதற்குத் தக்க சான்றாகும்.

1714இல் பாதரச வெப்பமானியைச் செப்பம் செய்த ஃபாரன்ஹீட், கண்ணாடி ஊதவும் கற்றவர். ஆயினும் நெடுங்காலம் மருத்துவர் கையிலிருந்த வெப்பமானி ஓரடி நீளமுடையது. அளவு காட்ட இருபது நிமிடம் கொள்வது. 1860களில் ஆங்கில மருத்துவர் ஆல்பட் அதனை ஆறு அங்குலமாகவும் ஐந்து நிமிடமாகவும் குறுக்கினார். குமிழுக்குச் சற்று மேலே நுண்துளையை இறுக்கியமைத்த ஒரு சிறு நெரிப்பு, ஏறிய பாதரசம் தானே இறங்காதபடி தடுத்தது. நோயாளியின் வாயிலிருந்து எடுத்தபின்னும் காய்ச்சலின் அளவு அழியாது நின்றது, உதறினாலன்றி இறங்காது.

மற்றொரு திருத்தம் இன்னும் நுட்பமானது. வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் நுண்துளையில் படியும். பாதரச இழை அறுபடும். ஆகவே வெப்பமானிக் குமிழை ஊத, குழலின் மறுமுனையில் சிறு ரப்பர்ப் பையைக் கட்டி அழுத்தும் முறையைக் கைவினைஞர் கைக்கொண்டனர். மனித மூச்சினின்று கண்ணாடி காக்கப்பட்டது.

கண்ணாடியினின்று மனித மூச்சைக் காக்கும் ஏற்பாடு அத்துணை கருத்துடன் செய்யப்பட்டதா என்பதே கொடைக்கானல் எழுப்பிய வினா. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் பாம்பார் சோலையின் விளிம்புக்குப் பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடமும், பின்னர் இந்துஸ்தான் லீவரிடமும் அது இருந்தது. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாவது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருட்கிடங்கில் குவிந்திருந்தது வெளிப்பட, மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா திரும்பியது. தம் உடல்நலக் கேட்டிற்கு ஆலையே காரணம் என்று தொழிலாளர் வழக்காடினர். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைத் தூய்மைப்படுத்தும் வழக்கோ அதன் பின்னும் தொடர்ந்தது.

ஒரு நெரிப்பும் ஒரு ரப்பர்ப் பையும் கருவியைத் துல்லியமாக்கின. அவை செலவு மிக்கவை அல்ல, கவனம் மிக்கவை. கருவிக்குக் காட்டிய அக்கவனத்தை அதனைச் செய்யும் கைகளுக்கும் காட்டுவதே கலையின் நிறைவு. அந்நிறைவு எய்தாத கண்ணாடி, பிறர் காய்ச்சலை அளந்து சொல்லும். தன்னைச் செய்தவரின் நோயைச் சொல்லாது.