துறை தேடிய கடற்கரை

கணினி நிரலாளர்கள் ‘போர்ட்’ என்பதைத் தமிழில் துறை என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. ஒரு கணினியில் 0 முதல் 65535 வரை இத்தகைய எண்கள் உண்டு. 1023 வரையுள்ளவை பெயர்பெற்ற சேவைகளுக்கு உரியவை. இணையப் பக்கங்கள் 80, 443 ஆகிய துறைகளில் கரையேறுகின்றன. ஒரு நிரல் பிடித்துவிட்ட துறையில் மற்றொன்று பொதுவாக இறங்க இயலாது. எனவே புதிய நிரல் காலியான துறையைத் தேட வேண்டும்.

இந்தத் தேடலைப் பற்றிப் படிக்கையில் மன்னார்க் கரையின் வரலாறே எனக்கு நினைவுக்கு வருகிறது.

திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை, சீனக் கலங்களும் மேற்காசியக் கலங்களும் அகழ்வில் கிடைத்த பழந்துறை. அதன் காலம் முடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1914 இல், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இரு கரையிலும் ரயில் காத்திருந்தது.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினார்கள். அவர்களிடம் விருப்பம் கேட்டு எழுதப்பட்டதன்று அது. இரண்டு மாதம் கழியுமுன், டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. எழுதியபோது இருந்த துறை, புறப்படும்போது இல்லை. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. தோட்டங்களை விட்டுவந்த குடும்பங்கள் தலைமன்னாரில் ஏறி அங்கே இறங்கின. 1980களில் போர் அந்தப் போக்குவரத்தையும் நிறுத்திற்று.

நிரலாளர் அறிந்த இடர் இதுவே. ஒரு துறை காலியா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு பிடிக்கப் போனால், இடைப்பட்ட கணத்தில் வேறொரு நிரல் அதைக் கைக்கொண்டிருக்கலாம். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே செயலாக வேண்டும். துறை எண்ணாக 0 என்று கொடுத்தால், இயங்குதளமே காலியான ஒன்றைத் தெரிந்து அப்போதே ஒதுக்கிவிடும். கிடைத்த எண் எதுவென்று நிரல் கேட்டறிந்து, தன்னை நாடி வருவோருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் வருவோர் பழைய துறையிலேயே நிற்பார்கள்.

தலைமன்னாருக்கு 2015 மார்ச் 14 அன்று ரயில் மீண்டது. 2023 அக்டோபர் 14 இல் இரு நாடுகளுக்கிடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியபோதோ, அது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்றது. கடல் அதுவே, துறை வேறு.