வயிற்றைப் படித்தவர்கள்

கர்ப்பிணியின் வயிற்றைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் உரிமை ஊரில் எல்லோருக்கும் உண்டு. கூம்பிய வயிறு என்றால் ஆண், அகன்ற வயிறு என்றால் பெண். "ஏழு மாசத்துக்கு இவ்வளவுதானா, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்ற விசாரணை வேறு. நான் வளர்ந்த வீட்டிலும் இந்தப் பேச்சு ஓயாமல் இருந்தது. இது பாட்டிமாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதை எழுதிவைத்தவர்கள் பாட்டிமார் அல்லர். மருத்துவ நூல்களை இயற்றிய ஆண்கள்.

ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்கச் சூத்திரங்கள், ஆண் கரு பெரும்பாலும் வலப்பக்கமும் பெண் கரு இடப்பக்கமும் இருக்கும் என்கின்றன. சுசுருத சம்ஹிதையும் ஆண் குழந்தைக்கான அறிகுறிகளை வலப்பக்கத்தில்தான் தேடுகிறது. பால் முதலில் வலது மார்பில் தோன்றும் என்கிறது. மனிதப் பெண்ணுக்குக் கருப்பை ஒன்றுதான், அதுவும் நடுவில்தான் இருக்கிறது. உயர்ந்ததென்று கருதிய பக்கத்தை ஆணுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன். வைதிகச் சடங்கான பும்சவனமோ, வயிறு வெளியே தெரியும் முன்பே ஆண் மகவு வேண்டிச் செய்யப்படுவது.

வயிற்றின் வடிவம் உண்மையில் எதைச் சொல்கிறது? முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இறுகியிருப்பதால் வயிறு மேலேறித் தெரியும். அடுத்தடுத்த கர்ப்பங்களில் தசை தளர்ந்து முன்னே சரியும். பெண்ணின் உயரம், உடல்வாகு, குழந்தை படுத்திருக்கும் விதம், பனிக்குட நீரின் அளவு எல்லாம் வடிவத்தை மாற்றும். கடைசி வாரங்களில் தலை இடுப்புக்குள் இறங்கும்போது வயிறும் இறங்கும். குழந்தை ஆணா பெண்ணா என்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

வயிற்றிடம் வேறொரு கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். விரல்களால் தடவி, கருப்பை தொப்புளை எட்டிவிட்டதா, விலா எலும்பை நெருங்கிவிட்டதா என்று மாதம் கணித்தவர்கள். 1906இல் எல்லிஸ் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் இதற்கு நாடாவைப் பயன்படுத்தும் முறையை விவரித்தார். இடுப்பின் முன்னெலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை அளந்தால், 24 வாரத்துக்குப் பிறகு வாரம் எத்தனையோ ஏறத்தாழ அத்தனை சென்டிமீட்டர் இருக்கும். 2 செ.மீ. கூடுவதும் குறைவதும் இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் குழந்தையின் வளர்ச்சியோ பனிக்குட நீரோ குறைந்திருக்கலாம். கூடினால் இரட்டைக் குழந்தையாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் இருக்கும் அதே நாடாதான். உயிர்களைக் காப்பாற்றிய கேள்வி இது.

பிறகு ஸ்கேன் வந்தது. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியின் நுட்பத்தைக் கொண்டு கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, 1958இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்தக் கருவி 1980களில் இந்தியாவெங்கும் பரவியபோது, பழைய கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தது. கூம்பிய வயிறு என்று சொல்லி ஏமாந்தவர்கள் குழந்தை பிறக்கும்வரையாவது காத்திருந்தார்கள். ஸ்கேன் பார்த்தவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பாலினம் அறிவதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994இல் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001இல் 927ஆகக் குறைந்தார்கள்.

அதனால்தான் வயிற்றைப் பற்றிய பேச்சை விளையாட்டாக என்னால் கேட்க முடிவதில்லை. கர்ப்பமாக இருக்கும் தோழிகளிடம் நான் சொல்வது இதுதான்: வடிவத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள். செவிலியர் நாடாவை எடுக்கும்போது, "போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அந்த அசைவு வேறு யாருக்கும் முன்னால் உங்களுக்குத்தான் தெரியும்.