மகள் எங்கே என்று கேட்கப் போன அம்மா

லீவுக்கு பண்டாரவளைக்கு வந்திருந்தப்போ வீட்டில் எல்லாரும் சேர்ந்து 'மாம்' படம் பார்த்தோம். 2017இல் வந்த ஹிந்திப் படம், ஸ்ரீதேவியின் 300ஆவது படம். உயிரியல் டீச்சர் ஒருவரின் மகளைக் கடத்தி வன்புணர்கிறார்கள். நீதிமன்றம் குற்றவாளிகளை விட்டுவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு மாற்றாந்தாயான டீச்சர் தானே தண்டிக்கக் கிளம்புகிறார். கடைசியில் எங்க வீட்டில் எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான்.

படுக்கப் போனபோது இன்னொரு டீச்சரின் ஞாபகம் வந்தது. அவரும் மகளுக்காகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். பழிவாங்க இல்லை. மகள் எங்கே என்று கேட்க.

யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. 1996 செப்டெம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, வயது 18, உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் கைதடியில் இருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணி காவலரணில் அவரை மறித்தார்கள். பிள்ளை வரவில்லை என்றதும் அம்மா இராசம்மா, 16 வயதுத் தம்பி பிரணவன், அயலவர் கிருபாமூர்த்தி மூன்று பேரும் தேடிப் போனார்கள். காவலரணில் விசாரித்தார்கள். அவர்களும் திரும்பவில்லை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நாலு பேருடைய உடல்களும் செம்மணி மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. கிருஷாந்தி கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு கொல்லப்பட்டிருந்தார்.

படத்தில் நீதிமன்றம் தோற்கிறது, அதனால்தான் அம்மா கிளம்புகிறார். இங்கே அம்மாதான் முதலில் போனார். அவர் உயிரோடு இல்லாத பிறகு உறவினர்களும் சட்டத்தரணிகளும் மனித உரிமை அமைப்புகளும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொழும்பு மேல் நீதிமன்றத்தில் ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன்னால் வழக்கு நடந்தது. 1998 ஜூலையில் பாதுகாப்புப் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2004இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை என்பதால் அது நடைமுறையில் சிறைத் தண்டனைதான். ஆனாலும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அப்படியொரு தீர்ப்பு வந்தது சின்ன விஷயம் இல்லை.

படமாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ஷ நீதிமன்றத்திலேயே ஒன்று சொன்னார்: செம்மணியில் இன்னும் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிறகு அந்த விசாரணை அப்படியே கிடந்தது. 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன.

இது வடக்கு விஷயம், நமக்கென்ன என்று மலையகத்தில் யாராவது கேட்கலாம். நாம வேலைப் பார்த்து, நேர்த்தி வைத்துப் போற கதிர்காமம் நம்ம ஊவா மாகாணத்தில்தான் இருக்கு. 1971 ஏப்ரலில், ஜே.வி.பி. கிளர்ச்சி நேரம், அந்த ஊர்த் தெருவில்தான் பிரேமவதி மனம்பேரி என்ற சிங்கள இளம்பெண்ணை இராணுவத்தினர் நிர்வாணமாக நடக்கவிட்டுச் சுட்டார்கள். புத்தாண்டு அழகுராணியாகத் தெரிவானவர் அவர். அந்த வழக்கில் ஒரு லெப்டினன்டுக்கும் ஒரு சார்ஜன்டுக்கும் 16 வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. மேலிடத்துக் கட்டளைப்படிதான் செய்தோம் என்ற வாதம் மேன்முறையீட்டிலும் எடுபடவில்லை. சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

இரண்டு பெண்கள், இரண்டு மொழிகள், நடுவில் 25 வருடம். இரண்டு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் அது அந்த இடத்தில் நின்ற கைகளோடு நின்றுவிட்டது. சிப்பாய் தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சட்டம் சொன்னது, சரிதான். அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியது மிச்சம் இருக்கு.

பழிவாங்கும் படங்கள் இந்தக் கேள்வியைத்தான் மறக்கவைக்கின்றன என்று எனக்குத் தோணுது. வில்லன் செத்ததும் கணக்கு முடிந்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். செம்மணியில் கணக்கு முடியவில்லை. கிருஷாந்திக்கு ஒரு வழக்கு இருந்தது, ஒரு தீர்ப்பு இருந்தது. அதே மண்ணில் கிடந்த மற்றவர்கள் பலருக்கு இன்னும் பெயர்கூட இல்லை. அவர்களைத் தேடி எத்தனை அம்மாமார் எத்தனை காவலரண்களுக்குப் போயிருப்பார்கள்?

இராசம்மா டீச்சர் கேட்கப் போனது ஒரே ஒரு கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவரையும் புதைத்தார்கள். மண்ணைத் தோண்டத் தோண்ட அந்தக் கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப மேலே வருகிறது.