போர்ட்டோவில் ஒரு பகல் சாப்பாடு

வெளியூரில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பதற்கு என் தகப்பனார் ஒரு விதி வைத்திருந்தார். வாசலில் நின்றுகொண்டு "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிற கடைக்குள் நுழையக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவனின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் பொருந்திய இந்த விதி, போர்த்துகல் நாட்டுப் போர்ட்டோ நகரத்துக்கும் பொருந்தும் என்பதை, அதை மீறிய பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

போர்ட்டோ மிகப் பழைய ஊர். 'போர்த்துகல்' என்ற பெயரே 'போர்ட்டுஸ் காலே' என்ற இந்த ஊர்த் துறைமுகத்தின் பழம் பெயரிலிருந்து பிறந்ததுதான். டூரோ நதியின் வடகரையில், செங்குத்தான சரிவில், வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. ஆற்றங்கரைப் பகுதிக்கு ரிபெய்ரா என்று பெயர். எதிரே 1886-ல் கட்டிய இரும்புப் பாலம். அந்தி வெளிச்சத்தில் அந்தப் பாலத்தைப் பார்த்த மயக்கத்தில், வாசலில் நின்று கூப்பிட்ட ஒருவர் பின்னால் நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்துவிட்டோம். கடையின் பெயர் வேண்டாம். உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் வண்ணப் படம் போட்டிருந்தது. படம் பண்டத்தைவிட ருசியாக இருந்தது. கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காயும் கொண்டுவந்து வைத்தார்கள். உபசாரம் என்று எண்ணிச் சாப்பிட்டோம். பில்லில் அதற்கும் கணக்கு இருந்தது. தொட்டால் காசு, வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அந்த நாட்டு வழக்கம். அது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறினோம். 'தாஷ்க்கா' என்று அவர்கள் சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் அங்கே சந்துக்குச் சந்து இருக்கின்றன. அடையாளம் சுலபம். கண்ணாடியில் அன்றைய சமையலைக் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். உள்ளே வேலை உடுப்போடு ஆட்கள் உட்கார்ந்து பேச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேசை மேல் துணிக்குப் பதில் காகிதம் விரித்திருக்கும். கடைசியில் கணக்கையும் அதன் மேலேயே எழுதிவிடுவார்கள். 'மெய்யா டோஸ்' என்று கேட்டால் அரை அளவு வரும். ஒரு மனிதனுக்கு அதுவே தாராளம். முழு அளவு கேட்டால் இரண்டு பேர் திண்டாட வேண்டும்.

அப்படி ஒரு கடைக்குள் போனோம். மொத்தம் ஆறு மேசைகள். பரிமாறிய அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள், அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி, நல்லூரில் பிறந்தவள். அன்று வெள்ளிக்கிழமை, அவளுக்குச் சைவம். இந்த நாட்டில் சைவமாகச் சாப்பிடுவது சாமானியமான காரியமல்ல. கீரைச் சூப்பிலும் ஒரு துண்டு பன்றி இறைச்சியைப் போட்டு மங்களம் பாடிவிடுவார்கள். 'கால்டோ வெர்டே' என்ற அந்தச் சூப், உருளைக்கிழங்கைக் கரைத்து, கோஸ் இலையை நூல் நூலாக அரிந்து போட்டு, ஆலிவ் எண்ணெய் விட்டுச் செய்வது. அந்தத் துண்டை மட்டும் போட வேண்டாம் என்று கையாலும் கண்ணாலும் சொல்லிப் புரியவைத்தோம். அம்மாள் ஒரு தடவை என் மனைவியின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு பேசாமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சூப்போடு ரொட்டிக் கூடையையும் வைத்து அதன் பெயரைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இவையும் பாண் எண்டுதானே சொல்லினம்!" என்றாள் என் மனைவி.

சென்னைக்காரனான நான் ரொட்டி என்பதை அவள் பாண் என்பாள். கலியாணமான புதிதில் நான் கேலி செய்ததுண்டு. பாண் மட்டுமா? அவள் வீட்டுக் குசினியும், நாங்கள் எல்லோரும் சொல்கிற மேசையும், சாவியும், ஜன்னலும், அலமாரியும் இவர்களுடைய மொழியிலிருந்து கப்பலேறி வந்தவைதான். வீட்டுச் சாமான்களைத் தேடி உரிமைக்காரன் வீட்டுக்கே வந்துவிட்டது போலிருந்தது எங்களுக்கு.

எனக்கு அன்றைய சமையல் 'திரிப்பாஸ்'. மாட்டின் இரைப்பையை மணிக்கணக்காக வேகவைத்து, கால், கொத்திறைச்சி, வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறு, காரட் எல்லாம் சேர்த்துச் சோற்றோடு கொடுப்பது. ஆட்டுக் குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நான்; என்றாலும் மாடு என்றதும் கை சற்றுத் தயங்கியது. ஆனால் சீரகத்தின் வாசனை வந்தது. வாசனை வந்த பிறகு தயக்கம் எதற்கு?

இந்தப் பண்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. போர்ட்டோவாசிகளை மற்ற ஊரார் 'திரிப்பெய்ரோஸ்', அதாவது குடல் தின்னிகள், என்று அழைப்பார்கள். அவர்களுக்கு அதில் கோபமில்லை, பெருமை. இளவரசர் ஹென்றி 1394-ல் இந்த ஊரில் பிறந்தவர். 1415-ல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூட்டா நகரத்தைப் பிடிக்க இங்கேதான் கப்பல்களைத் திரட்டினார். ஊரிலிருந்த இறைச்சியையெல்லாம் உப்பிட்டு மாலுமிகளுக்குக் கொடுத்துவிட்டு, குடலை மட்டும் தங்களுக்கென்று ஜனங்கள் வைத்துக்கொண்டார்களாம். அந்தப் படையெடுப்பை ஸாவ் பென்டோ ரயில் நிலையத்துச் சுவரில் நீல ஓடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 20,000 ஓடுகள். ரயிலைத் தவறவிட்டாலும் பாதகமில்லை, பார்க்க வேண்டும்.

கர்ண பரம்பரைக் கதைதான். தட்டிலேயே அதற்கு மறுப்பும் இருக்கிறது. அந்த வெள்ளைப் பயறு அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1415-ல் கொலம்பஸ் பிறக்கவே இல்லை. ஆகவே இன்று தட்டில் வருகிற திரிப்பாஸை அன்று யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. என் மனைவியின் சூப்பில் கரைந்திருந்த உருளைக்கிழங்கின் கதையும் அதுவே. குடல் மட்டும் பழசாக இருக்கலாம். மற்றதெல்லாம், கப்பல்கள் போனதால் பின்னால் வந்து சேர்ந்தவை.

இதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கப்பல்கள்தானே பிறகு எங்கட ஊருக்கும் வந்தது?" என்றாள்.

அவள் கேட்டதில் பிழையில்லை. 1415-ல் சியூட்டா, 1498-ல் கோழிக்கோடு, 1619-ல் யாழ்ப்பாணம். கடைசி அரசன் சங்கிலியைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621-ல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள்.

"எங்கட ஆச்சி ஒரு கதை சொல்லுவா" என்று தொடங்கினாள். "பறங்கியின்ர காலத்திலை விரதத்துக்குச் சைவமாய்ச் சாப்பிட்டதெண்டு தெரிஞ்சால் தண்டனையாம். அதாலை சாப்பிட்ட வாழையிலையை வெளியிலை எறியாமல் கூரை இறப்பிலை செருகி ஒளிச்சு வைப்பினமாம். அவங்கள் போன பிறகும் கன காலம் ஆச்சியின்ர வீட்டிலை விரத இலையை இறப்பிலைதான் செருகினவை. ஏனெண்டு கேட்டால் பழக்கம் எண்டுவினம்."

இதுவும் கர்ண பரம்பரைதான். இந்த ஊர்க் கதையில் ஓட்டை கண்டுபிடித்த எனக்கு அந்த ஊர்க் கதையில் ஓட்டை தேடத் தோன்றவில்லை. அது நியாயமா என்று சரித்திர ஆசிரியர்கள் கேட்கலாம். நான் நாவல் எழுதுகிறவன்.

வாயிலிருந்த கவளம் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் இறங்கியது. திரிப்பாஸ் அவ்வளவு நன்றாக இருந்தது. வேறு யார் தட்டிலோ இருந்திருந்தால் நானே அதைப் பற்றிக் கடுமையாக நாலு வரி எழுதியிருப்பேன்.

அதற்குள் அந்த அம்மாள் வந்து சூப்புக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். பாதி மிச்சம் இருந்தது. முகம் வாடிவிட்டது. ருசி பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போய் அவித்த உருளைக்கிழங்கும் கீரையும் முட்டையும் ஒரு தட்டில் கொண்டுவந்தாள். முட்டை இருக்கிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி கண்ணால் அடக்கிவிட்டு, முட்டையை என் தட்டுக்குத் தள்ளினாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த இடித்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்துக் கிழங்கின் மேல் தூவிக்கொண்டாள். மிளகாயும் பறங்கி கொண்டுவந்து கொடுத்ததுதான் என்பதை நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

அம்மாள் விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். மேசைக் காகிதத்தின் மூலையில் கணக்கை எழுதினாள். திரிப்பாஸ், சூப், பாண் மூன்றுக்கும் கணக்கு இருந்தது. கிழங்குக்கு இல்லை. நான் சுட்டிக்காட்டியபோது கையை வீசி, சமையலறைக்குள் போய்விட்டாள்.

பொட்டலத்தில் பாதியை ஒரு காகிதத்தில் மடித்து என் மனைவி மேசையின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.